சர்ஃபிங்கே உயிராக இருக்கும் தம்பிக்கு விடுமுறைப் பரிசு: என்ன வாங்கலாம்?

தம்பியின்_அக்கா கேட்டது:

வணக்கம். என் தம்பிக்கு சர்ஃபிங் என்றால் உயிர். விடியும் முன்பே போர்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அலை நன்றாக இருந்துவிட்டால் சாப்பாட்டு நினைப்பே வராது. வரும் விடுமுறைக்கு அவனுக்கு நல்லதாக ஒரு பரிசு கொடுக்க ஆசை. புது போர்டு வாங்கலாமா, வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடை) வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அலைப் படம் போட்ட டீ-ஷர்ட், சாவிக்கொத்து எல்லாம் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. கடலுக்குப் போகும்போது அவன் கையோடு எடுத்துப் போகிற பொருளாக இருக்க வேண்டும். அவனிடம் கேட்காமல் வாங்க வேண்டும், அதுதான் சிக்கல். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்கால் எழுதியது:

நான் அலையேறுகிறவன். அடிபட்ட போர்டுகளைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில்தான். யாரிடம் எந்தப் பொருள் உழைக்கிறது, எது மூலையில் தூங்குகிறது என்று தினமும் பார்க்கிறேன்.

போர்டு வேண்டாம், வெட்சூட்டும் வேண்டாம். ஆளின் எடை, பழக்கம், அவர் போகிற இடத்து அலை மூன்றையும் பார்த்துத்தான் போர்டு எடுக்க வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு போர்டுகளில் ஒன்று நன்றாக மிதக்கும், மற்றது அமிழும். எத்தனை லிட்டர் கொள்ளளவு என்பதுதான் கணக்கு. வெட்சூட்டில் 3/2 என்று போட்டிருந்தால் உடம்புப் பகுதி 3 மி.மீ., கை கால் 2 மி.மீ. தடிமன். அதைச் சரியாகப் பிடித்தாலும் இடுப்பிலோ அக்குளிலோ கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் விழும்போதெல்லாம் குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாயும். போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

நீங்கள் லீஷ் வாங்குங்கள். காலையும் போர்டையும் பிணைக்கிற கயிறு அது. உப்பும் வெயிலும் பட்டுத் தேய்ந்துகொண்டே வரும், ஆனால் அறுகிறவரை பெரும்பாலோர் மாற்றுவதே இல்லை. பெரிய அலையில் அறுந்தால் போர்டு தன் பாட்டுக்குக் கரைப்பக்கம் பாயும், வழியில் குளிக்கிறவர்கள் மேல் மோதும். உங்கள் தம்பி பிடித்து மிதக்க ஒன்றும் இல்லாமல் நீந்தியே கரைக்கு வர வேண்டும்.

அவன் வீட்டில் இல்லாத நேரம் அந்த லீஷைக் கையில் எடுங்கள். கணுக்கால் பட்டையில் ஆரம்பித்து போர்டு முனைவரை விரல் நுனியால் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். நெடுக வழவழவென்று இருக்க வேண்டும். எங்காவது நகம் மாட்டினால் அங்கே வெட்டு விழுந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் மெலிந்து வெளுத்திருந்தால் இழுபட்டுப் போயிருக்கிறது. பட்டையோடு கயிறு சேரும் இடத்தில் ஒரு சுழலி இருக்கும், அதைத் திருகிப் பாருங்கள். உப்பேறி இறுகியிருந்தால் கயிறு காலைச் சுற்றும். இதில் ஒன்று இருந்தாலும் போதும், உங்கள் பரிசு முடிவாகிவிட்டது. நீளம் ஏறக்குறைய போர்டின் நீளமே.

மலிவானதை மட்டும் எடுக்காதீர்கள். 1970களின் தொடக்கத்தில் லீஷ் வந்த புதிதில் ரப்பர் குழாயில் செய்தார்கள். அது இழுபட்டுச் சுண்டியதில் போர்டு திரும்பி வந்து ஆளையே அடித்தது. வெட்சூட்டைப் பரப்பிய ஜாக் ஓ'நீல் இடது கண்ணை இழந்தது இப்படித்தான். இப்போது வருவது யூரிதேன் கயிறு, அவ்வளவு இழுபடாது.

ஃபின், அதாவது போர்டின் அடியில் மாட்டுகிற துடுப்பு, வாங்க நினைத்தால் முதலில் பழையதைக் கழற்றிப் பாருங்கள். அடியில் இரண்டு சின்னக் காதுகள் இருந்தால் எஃப்சிஎஸ் வகை, ஒரே நீளமான அடிப்பட்டை இருந்தால் ஃபியூச்சர்ஸ். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் நுழையாது. கால் வழுக்காமல் இருக்க போர்டின் மேல் தேய்க்கிற மெழுகான வாக்ஸ் எப்போதும் தேவைப்படும், ஆனால் அதிலும் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்ற வகை உண்டு. குளிர்ந்த தண்ணீருக்கான வாக்ஸை வெதுவெதுப்பான கடலில் போட்டால் குழைந்து வழுக்கும். அவன் பையில் பாதி தீர்ந்த கட்டி இருந்தால் உறையில் என்ன வகை என்று பார்த்து அதையே வாங்குங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

பின்கால் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தம்பி குளிர்ந்த கடலில் இறங்குகிறவன் என்றால் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுக் குழாயின் எலும்பு உள்பக்கமாக வளர்ந்து துவாரம் சுருங்கும். தண்ணீர் தங்கும், அடிக்கடி சீழ் பிடிக்கும், முற்றினால் அறுவை சிகிச்சைதான். என் கணவருக்கு அது ஆரம்ப நிலையில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சர்ஃபிங்குக்கென்றே சத்தம் கேட்கும்படி செய்தவை கிடைக்கின்றன. சத்தம் கேட்காத வகையை யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முகத்துக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பும் வாங்கலாம். பவளப்பாறைகளை முன்னிட்டு ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கு ஹவாய் 2021 முதல் தடை போட்டிருக்கிறது. அந்த இரண்டும் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

தம்பியின்_அக்கா எழுதியது:

இருவருக்கும் ரொம்ப நன்றி. தடவிப் பார்த்தேன், பட்டைக்குப் பக்கத்திலேயே நகம் மாட்டியது! லீஷ்தான் வாங்கப் போகிறேன். போர்டில் 6'2 என்று எழுதியிருக்கிறது. அப்புறம், போர்டின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு விரிசல், மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறான். அதற்கும் ஏதாவது வாங்கலாமா?

பின்கால் எழுதியது:

6 அடி லீஷ் எடுங்கள், சரியாக இருக்கும்.

விரிசலுக்கு ரிப்பேர் கிட் நல்ல யோசனை, அவன் சந்தோஷப்படுவான். ஆனால் எபாக்ஸி ரெசின் (பூசியபின் இறுகிக் கெட்டியாகிற பிசின்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போர்டுக்குள் இருக்கிற நுரை இரண்டு வகை, பியூ (பாலியூரிதேன்) அல்லது இபிஎஸ் (தெர்மோகோல் போன்றது). பாலியெஸ்டர் ரெசின் இபிஎஸ் நுரையை அரித்துக் கரைத்துவிடும். எபாக்ஸி இரண்டிலும் நிற்கும், அதனால் எந்த போர்டு என்று நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. வெயிலில் வைத்தால் இறுகுகிற வகை கிடைத்தால் இன்னும் சுலபம். டேப்பைப் பிரித்து, உள்ளே போன தண்ணீர் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும் என்று அவனிடம் சொல்லுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே ஊறிப் போகும்.

லீஷ் பெட்டிக்குள் ஒரு சின்ன நூல்கயிறும் இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் வராது. அதைத்தான் போர்டில் கட்டி லீஷை மாட்டுவார்கள். கட்டும்போது குட்டையாகக் கட்ட வேண்டும், போர்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கக் கூடாது. தொங்கினால் இழுபடும்போது அந்த மெல்லிய கயிறு விளிம்பை அறுத்து உள்ளே இறங்கிவிடும். லீஷ் நுனியில் இருக்கிற அகலமான துணிப்பட்டைதான் விளிம்பின் மேல் படிய வேண்டும்.