மெஷின் குரலில் ஆடியோ டிஸ்க்ரிப்ஷன் வந்தால் போதுமா?

பொன்மலை_ரவி:
வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கிட்டிருந்த சண்டையை இங்கே கொண்டுவர்றேன். அங்கே போன் திரையை வாசிக்கற டாக்பேக் நடுநடுவே "ஸ்டிக்கர், ஸ்டிக்கர்"னு வாசிச்சே உயிரை வாங்குது.

புதுசா வர்றவங்களுக்கு: ஆடியோ டிஸ்க்ரிப்ஷன், சுருக்கமா ஏடி. வசனம் இல்லாத இடைவெளியில திரையில நடக்கறதை, நம்மள மாதிரி பார்வையில்லாதவங்களுக்காக ஒரு குரல் சொல்லும். தமிழ்த் தொடர்களுக்கும் இது வேணும்னு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு மனு எழுதறோம். "மனிதர் எழுதி, மனிதர் குரலில்"னு வரைவில் நான் ஒரு வரி சேர்த்தேன். அதை எடுக்கச் சொல்றாங்க. மெஷின் குரலா இருந்தாலும் சீக்கிரம் வந்தா போதுமாம்.

நான் எடுக்க மாட்டேன். சமீபத்துல ஒரு இங்கிலீஷ் க்ரைம் தொடர். செத்தவன் வீட்டைப் போலீஸ்காரி தனியா அலசறா, வசனமே கிடையாது. மெஷின் சொன்னது இவ்வளவுதான்: "இழுப்பறையைத் திறக்கிறாள். ஒரு போட்டோ. திரும்ப வைக்கிறாள்." யாரோட போட்டோ? அடுத்த சீன்ல தன் புருஷனையே கைது பண்றா. போட்டோவுல இருந்தது அவன்தான்னு என் பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது. தொனியும் அப்படித்தான், இழவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே குரல்.

தென்றல்_கோவை:
ரவி சார், போட்டோ யாருதுன்னு சொல்லாம விட்டது குரலோட தப்பா, எழுதினவங்க தப்பா? அதே மூணு வரியை நல்ல கலைஞர் கம்பீரமா வாசிச்சிருந்தாலும் உங்களுக்குப் புருஷன் தெரிஞ்சிருக்க மாட்டார். ரெண்டையும் போட்டுக் குழப்பறீங்க.

நான் நாள் முழுக்க, கம்ப்யூட்டர் திரையை வாசிக்கற ஈஸ்பீக் மெஷின் குரல்ல வாழறவ. பி.எட். பாடத்தை அதுலதான் கேட்டேன், பரீட்சைக்கு முந்தின ராத்திரி டபுள் ஸ்பீடுல. இப்ப பசங்க மார்க் லிஸ்ட்டும் அதுலதான். அந்தக் குரல் எனக்கு அந்நியமே இல்ல. ஏடி இல்லாத வீட்டுல என்ன நடக்குதுன்னு கேளுங்க. மாமியார் பக்கத்துல உக்காந்து, "அய்யய்யோ, வந்துட்டா!" யாரு அத்தை? "அவதான்!" எவ? "அட, அன்னைக்கு வந்தாளே!" அதுக்குள்ள விளம்பரம்.

சும்மா_பாக்கறவன்:
எனக்குப் பார்வை உண்டு, தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ் சீரியல்ல எல்லாத்தையும் வாயாலேயே சொல்லிடறாங்களே. போதாததுக்கு மைண்ட் வாய்ஸ் வேற. நான் கிச்சன்ல தோசை ஊத்திக்கிட்டே ஒரு கண்ணு கூட வைக்காம கேக்கறேன், கதை புரியுது. இதுக்கு எதுக்கு ஏடி? ஓடிடி தொடருக்கு மட்டும் கேளுங்க.

தென்றல்_கோவை:
தம்பி, உங்களுக்குப் புரியறது, திரும்பிப் பார்க்க முடியும்ங்கற தைரியத்துல. ஒரு சீரியல்ல மருமக ரிப்போர்ட்டைக் கையில வாங்கறா. டமார்னு ஒரு சத்தம். மறுபடி டமார். மறுபடி டமார். அப்புறம் புல்லாங்குழல். அப்புறம் "தொடரும்". ஒவ்வொரு டமாருக்கும் ஒரு மூஞ்சியைக் காட்டறாங்கன்னு தெரியும். யார் மூஞ்சி, எவ சிரிக்கிறா, எவ வெளிறிப்போனா? நாளைய எபிசோட் முழுக்க அதுலதான் இருக்கு. நான் இடி மழை கேட்ட மாதிரி உக்காந்திருக்கேன்.

வடபழனி_டப்பிங்:
நான் டப்பிங் ஸ்டுடியோவில சவுண்ட் எஞ்சினியர். ஏடிக்கு லிப் சிங்க் கிடையாது, அதனால ரெக்கார்டிங் சட்டுனு முடிஞ்சுடும். கஷ்டம் எழுதறதுலதான். ரெண்டு வசனத்துக்கு நடுவுல மூணு செகண்ட் கிடைக்கும். அதுக்குள்ள ஆள் யாரு, எங்க நிக்கிறான், கையில என்ன, எல்லாம் வரணும். வசனத்து மேல ஏறக்கூடாது. முக்கியமான சத்தத்தையும் மூடக்கூடாது. துப்பாக்கி வெடிக்கும்போது "சுடுகிறான்"னு சொல்லி என்ன பிரயோஜனம்? யார் மேல குண்டு பட்டதுன்னு வெடிச்ச பிறகு சொல்லணும். அப்புறம் மிக்ஸிங்ல, குரல் வர்ற இடத்துல இசையை இறக்கி ஏத்தணும்.

டெய்லி சீரியல் எபிசோட் பல நேரம் டெலிகாஸ்ட் அன்னிக்குத்தான் எங்க கையை விட்டே போகும். அதுக்கு ஆள் வச்சு எழுதி, குரல் குடுத்து, மிக்ஸ் பண்றது நடக்கற காரியம் இல்ல. அதுக்கு மட்டும் மெஷின் குரல் வேற வழியில்லாத வழி. வாராவாரம் வர்ற ஓடிடிக்கு இந்தச் சாக்கு செல்லாது.

குரோய்டன்_குகன்:
வடபழனி அண்ணை, இங்க லண்டனில கிழமைக்கு நாலைஞ்சு தரம் போற சோப் தொடருக்கே மனுசக் குரலில ஏடி வருது. எபிசோட்டை முன்கூட்டியே எடுத்து முடிச்சு வைக்கினம், அதுதான் வித்தியாசம். ஃப்ரீவியூ எண்ட இலவச டிவி சேவையின்ர ரிமோட்டில ஏடி எண்டு ஒரு பட்டன் இருக்கு. அம்மாவுக்கு கண் மங்கின பிறகு அதை அமத்தி விட்டன். முதல் நாள் "ஆரடா இது, இடையில கதைக்கிறது?" எண்டு பேசினவ. இப்ப அது இல்லாட்டி சேனலை மாத்தச் சொல்லுவா.

ஆனா அது சேனல்காரரின்ர தயவில வந்தது இல்லை. இங்கத்த 1996, 2003 ஒலிபரப்புச் சட்டங்கள் வந்தபடியால் வந்தது. சட்டப்படி நிகழ்ச்சிகளில 10 சதவீதத்துக்கு ஏடி வேணும். பிபிசி போன்ற பெரிய சேனல்கள் தாங்களாக 20 சதவீதம் எண்டு ஏத்தினவை. முதலில இத்தனை சதவீதம் எண்டு கேளுங்கோ. குரலைப் பற்றிப் பிறகு சண்டை பிடிக்கலாம்.

கீழ்க்கோர்ட்_வக்கீல்:
சட்டம் நம்மகிட்டயும் இருக்கு, குகன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவே மின்னணு ஊடகத்தில் ஆடியோ டிஸ்க்ரிப்ஷன் வேணும்னு பேர் சொல்லிக் கேட்குது. ஆனா டிவிக்குன்னு அமைச்சகம் 2019 செப்டம்பரில் கொண்டுவந்த தர நெறிமுறை காது கேளாதவங்களுக்கு மட்டும்தான். நம்மளை விட்டுட்டாங்க. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஏடி சேர்க்கச் சொன்னது. 2024 மார்ச்சில் தியேட்டர் படங்களுக்கு நெறிமுறை வந்துது. டிவி அங்கேயே நிக்குது. மனுவோட முதல் பத்தி இதுவாத்தான் இருக்கணும்.

ரவி அண்ணன் பக்கம் ஒரு பாயிண்ட். அமெரிக்காவில் ஏடியைக் கட்டாயமாக்கின விதியை எதிர்த்துப் படத் தயாரிப்பாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. கேப்ஷன்னா இருக்கற வசனத்தை அப்படியே எழுத்தாக்கறது, ஏடின்னா இல்லாத ஒண்ணைப் புதுசா எழுதறது, நிகழ்ச்சியோட உள்ளடக்கத்துலயே கை வைக்கறதுன்னு வாதம். 2002ல் ஜெயிச்சுட்டாங்க. 2010ல் தனிச்சட்டம் போட்டுத்தான் அந்த விதிக்கு உயிர் வந்துது. இப்ப அங்க பெரிய சேனல் ஒவ்வொண்ணுக்கும் காலாண்டுக்கு 87.5 மணி நேரம். ஏடிங்கறது எழுத்து வேலைன்னு எதிராளியே கோர்ட்ல ஒத்துக்கிட்டான். அப்ப அதை எழுத்தாளர்தானே செய்யணும்?

பொன்மலை_ரவி:
வக்கீல் சார், இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியல. தென்றல் மேடம், குரலும் எழுத்தும் வேறதான். ஆனா காசு மிச்சம் பிடிக்கறவன் ரெண்டையும் சேர்த்தே வெட்டறான். முதல்ல குரல் கொடுக்கறவர் போவார். அடுத்து எழுதறதையும் ஏஐ கிட்ட குடுத்துடுவான்.

நம்ம ஊர் விஷயம் ஒண்ணு. முதல் எபிசோட்ல ஒரு பொம்பளை கதவைத் திறக்கறா. நெத்தியில பொட்டில்ல, கழுத்து வெறுமையா இருக்கு, சுவத்துல மாலை போட்ட போட்டோ. பார்க்கறவங்களுக்கு அவ கதை ஒரு நொடியில தெரிஞ்சுடும். ஏஐ "நடுத்தர வயதுப் பெண் கதவைத் திறக்கிறாள்"னு எழுதிட்டு சோபா கலரைச் சொல்லும். இதுல எதை எடுக்கணும்னு இந்த ஊர்ல வளர்ந்தவனுக்குத்தான் தெரியும்.

தென்றல்_கோவை:
தெரியும், ஒத்துக்கறேன். அதே ஆளு அடுத்த வரியில "சோகமே உருவாக நிற்கிறாள்"னும் எழுதுவார், பாருங்க. பொட்டில்லன்னு சொல்லுங்க, போதும். சோகமா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். என் மாமியார் பண்றதும் இதேதான், "பாவம் அந்தப் புள்ள"ன்னு ஆரம்பிச்சு, என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. மெஷின்கிட்ட அந்த அழுகாச்சி இல்ல, அதுவே எனக்கு நிம்மதி.

வடபழனி_டப்பிங்:
தமிழ் மெஷின் குரலுக்கு இன்னொரு வம்பு இருக்கு. நம்ம எழுத்துல ஒரே 'ப'தானே. பாஸ்கரை எப்படி வாசிக்குதுன்னு கேட்டிருப்பீங்க. கேரக்டர் தன் வாயால ஒரு மாதிரி கூப்பிடறான், ஏடி வேற மாதிரி சொல்லுது. ரெண்டு ஆளான்னு சந்தேகம் வரும். ஒவ்வொரு பேரையும் கையால திருத்தி வைக்க ஒரு ஆள் வேணும். அந்தச் சம்பளத்துக்குப் புதுக் கலைஞர் ஒருத்தரே வந்து வாசிச்சுட்டுப் போயிடுவார்.

சும்மா_பாக்கறவன்:
சரி, சீரியல் விஷயத்தை வாபஸ் வாங்க மாட்டேன், ஆனா ஒரு சந்தேகம். கூடப் பார்க்கறவங்களுக்கு அந்தக் குரல் தொந்தரவா இருக்காதா? வீட்டுல டிவி ஒண்ணுதானே.

கீழ்க்கோர்ட்_வக்கீல்:
தனி ஆடியோ ட்ராக், தம்பி. உங்க செட் டாப் பாக்ஸ்ல டிஸ்கவரியைப் போட்டு, மொழியைத் தமிழுக்கும் இந்திக்கும் மாத்தறீங்கல்ல? அதே வசதிதான். வேணாம்னா ஆஃப். தொழில்நுட்பம் இல்லன்னு எவனும் சொல்ல முடியாது. 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் 'டேர்டெவில்' தொடரை வெளியிட்டது. ஹீரோ பார்வையற்ற வக்கீல், தொடருக்கு ஏடி இல்ல. சத்தம் போட்டதும் சில நாள்லயே சேர்த்தாங்க. மனசு வச்சா நாள்கணக்குதான்.

தென்றல்_கோவை:
அதேதான் நானும் சொல்றேன், நாள்கணக்குல வரட்டும். ரவி சார், "மனிதர் எழுதி" இருக்கட்டும். "மனிதர் குரலில்" எடுத்துடுங்க. இன்னிக்கே கையெழுத்து.

பொன்மலை_ரவி:
எடுக்க முடியாது மேடம். தமிழ்ல இந்த வேலையே இனிமேதான் பிறக்கணும். குரல் கலைஞர் இல்லாமலே பிறந்துடுச்சுன்னா அப்புறம் அவங்களை எவன் உள்ள விடுவான்? வேணும்னா வடபழனி சொன்ன மாதிரி டெய்லி சீரியலுக்கு மட்டும் விலக்கு போடறேன்.

தென்றல்_கோவை:
நான் பார்க்கறதே டெய்லி சீரியல்தான், விலக்கு எனக்கு சம்மதம். ஆனா ஓடிடிக்கு இந்த வரி இருக்கற வரை என் கையெழுத்து இல்ல, நான் தனி மனு போடறேன். உங்க கடைசி வரைவை மட்டும் அனுப்புங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும். தயவுசெஞ்சு வேர்ட் ஃபைலா. போன தடவை அனுப்பினது ஸ்கேன் பண்ண பிடிஎஃப், திரையை வாசிக்கற என்விடிஏ "காலிப் பக்கம்"னு சொல்லிட்டு நின்னுடுச்சு.