3 ஏக்கர் மேய்ச்சல் நிலம் எத்தனை ஆடுகளைத் தாங்கும்?

வணக்கம். 3 ஏக்கர் புல்தரையில் எத்தனை செம்மறியாடு விடலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒன்றைக் கண்ட இடத்தில் போட்டு, உள்ளே இருந்த புல்லை அடியோடு ஒட்ட அறுத்து, எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து நிறுத்தேன். 10 இடத்தின் சராசரி 120 கிராம். ஏக்கருக்கு 4047 சதுர மீட்டர் என்றால் 3 ஏக்கரில் சுமார் 1450 கிலோ காய்ந்த புல். அதில் பாதியை நிலத்துக்கே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் நொந்துபோகும், அடுத்த மழைக்குத் துளிர்க்காது. மிச்சம் சுமார் 725 கிலோ. 30 கிலோ ஆடு ஒன்று நாளுக்கு ஒரு கிலோ தின்னும் என்று வைத்தால் 12 ஆடுகளுக்கு 60 நாள், ஆண்டு முழுக்க என்றால் இரண்டே ஆடு!

இங்கேதான் குழம்புகிறேன். இது ஒருமுறை அறுத்த கணக்குதானே, மழைக்குப் பின் மறுபடி தழைப்பதை எப்படிச் சேர்ப்பது? மாதாமாதம் அறுத்துப் பார்க்க வேண்டுமா? அப்புறம், சட்டத்துக்குள் பாதி, ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும் முரட்டுப் புல். அதைத் தனியாகப் பிரித்து நிறுக்க வேண்டுமா? மேடு ஒரு மாதிரி, பள்ளம் ஒரு மாதிரி இருக்கிற நிலத்துக்கு 10 இடம் போதாது என்று தோன்றுகிறது. நிலத்தை மொட்டையாக்கிவிடக் கூடாது, அதனால்தான் ஆடு வாங்கும் முன்பே கேட்கிறேன்.