வெடித்த குக்கருக்கு விற்றவர் பொறுப்பா?

கும்பகோணம் பாத்திரக்கடை:
எங்கள் கடையில் வாங்கிய குக்கர் வெடித்து ஒரு அம்மாவுக்குக் கையிலும் கழுத்திலும் காயம். கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. ஆனால் வக்கீல் நோட்டீஸ் கம்பெனியோடு சேர்த்து எனக்கும் வந்திருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பில் போட்டு, பிரிக்காத பெட்டியில் கொடுத்தேன். வால்வுக்குள் என்ன கோளாறு என்று எந்தக் கடைக்காரனுக்குத் தெரியும்?

வைகைக்கரையான்:
வாங்கியவருக்குத் தெரிந்த முகம் உங்களுடையதுதானே அண்ணே. 2022-ல் தரமில்லாத 2,265 குக்கர்கள் விற்பனையான விஷயத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கே 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. விற்றுக் காசு பார்த்துவிட்டு ஒதுங்க முடியாது.

கும்பகோணம் பாத்திரக்கடை:
அது தரக்கட்டுப்பாட்டை மீறிய சரக்கு. அமேசானும் அந்த உத்தரவை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. என் சரக்கு முத்திரை உள்ளது.

சட்டம் படித்தவள்:
2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கிறது. வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறை, சரியான எச்சரிக்கை இல்லை என்றால் 84-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் பொறுப்பு. விற்பவரை 86 சும்மா இழுப்பதில்லை. பொருளை அவர் மாற்றியிருக்க வேண்டும், தனியாக உத்தரவாதம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது தயாரித்தவர் யாரென்றே தெரியாமல் இருக்க வேண்டும். இப்படிச் சில சூழல்களில்தான் அவர் மாட்டுவார்.

வைகைக்கரையான்:
அந்தச் சலுகையே அதிகம் என்பேன். கம்பெனி பெயரே இல்லாத கேஸ்கட்டும் வால்வும் பாத்திரக்கடை வாசலில்தானே தொங்குகின்றன? அதை மாட்டிக் கொடுப்பது யார்?

கும்பகோணம் பாத்திரக்கடை:
நான் மாட்டிக் கொடுக்கவில்லை. வாங்கியவர்கள் வெளியே வால்வு மாற்றியிருப்பார்கள் என்றுதான் சந்தேகப்படுகிறேன். அப்படியென்றால்?

சட்டம் படித்தவள்:
வாங்கியவர்கள் பொருளை மாற்றியிருந்தால் விற்றவர் மேல் வழக்கு நிற்காது, பிரிவு 87. ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும்.

வைகைக்கரையான்:
சந்தேகத்தைச் சொல்லி அந்த அம்மாவின் வாயை அடைக்காதீர்கள். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையம் நினைத்தால் குக்கரை ஆய்வகத்துக்கு அனுப்பும். "புதுசு தருகிறோம், பழையதைக் கொடுங்கள்" என்று கம்பெனி ஆள் வந்தால் கொடுக்க வேண்டாம் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். எந்த வால்வு என்பது அதில்தான் தெரியும்.

கும்பகோணம் பாத்திரக்கடை:
இன்றைக்கே போய்ச் சொல்கிறேன். ஆனால் நோட்டீஸுக்குப் பதிலில் என் பெயரை நீக்கச் சொல்லித்தான் கேட்பேன்.