சாய்கோவ்ஸ்கி ஸ்கோரைப் படித்தும் என் ஸ்ட்ரிங்ஸ் கலங்கலாக ஒலிக்கிறது, உதவவும்

தந்திவனம்: வணக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி ஸ்ட்ரிங்ஸுக்காக, அதாவது வயலின் போன்ற தந்தி வாத்தியக் குழுவுக்காக, 1880இல் எழுதிய செரினேடின் ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் அடங்கிய ஏட்டை) முழுவதும் படித்துவிட்டு, அதே பாணியில் மெதுவான பகுதி ஒன்றை எழுதினேன். தொடக்கமே கலங்கலாக இருக்கிறது. காரணம் என்ன? சற்று அவசரம்.

மந்தரம்: எந்தச் சுரம் எந்த வாத்தியத்துக்கு என்பதையும், வாசிப்பது ஆட்களா கணினியா என்பதையும் சொல்லுங்கள்.

வில்லாளன்: கணினியாகத்தான் இருக்கும். கீபோர்டின் ஒரு கட்டைக்கு ஒரு முழுக் குழு ஒலிக்கும் ஒலித்தொகுப்பில் (பதிவு செய்த வாத்திய ஒலிகளில்) மூன்று கட்டைகளை அழுத்தினால் பத்துப் பேர் முப்பது பேராகிவிடுவார்கள். மேடையிலோ, டிவிசி (பிரிந்து வாசிக்கவும்) என்று எழுதினால் அதே பத்துப் பேர்தான் பிரிந்து வாசிப்பார்கள்.

முதுநரம்பு: ஸ்கோரைப் புரட்டுவது படிப்பாகாது என்று இங்கே பலமுறை எழுதிவிட்டேன், பழைய பதில்களைத் தேடும் பொறுமைகூடப் புதியவர்களுக்கு இல்லை. எட்டு பார்களை (தாள அளவுகளை) எடுத்துப் பியானோவுக்குச் சுருக்கி எழுதுங்கள். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், அந்தச் சுருக்கத்தை மீண்டும் ஐந்து வாத்தியக் குழுக்களுக்கான வரிகளாகப் பிரித்தெழுதி ஒப்பிடுங்கள்.

தந்திவனம்: கணினிதான். சி, ஈ, ஜி சுரங்கள் மூன்றும் செல்லோவின் அடி ஆக்டேவில் (ஸ்தாயியில்) உள்ளன. செல்லோவைவிடப் பெரிய டபுள் பாஸுக்கும் அதே சியை எழுதியிருக்கிறேன்.

மந்தரம்: அங்கேதான் சிக்கல். அந்த சி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ், ஈ 82 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே அவை இவ்வளவு நெருங்கி நின்றால் காதுக்குக் கரகரப்புதான் கிடைக்கும். டபுள் பாஸ் எழுதியதைவிட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிப்பதால், ஈயை அடித்தந்தியாகக் கொண்ட வழக்கமான நான்கு தந்தி வாத்தியத்தில் நீங்கள் எழுதிய சி கிடையவே கிடையாது. பாஸுக்கு ஓர் ஆக்டேவ் மேலே எழுதி, செல்லோவுக்கு ஜியை மட்டும் விட்டு, ஈயை ஓர் ஆக்டேவ் உயர்த்தி, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவிடம் கொடுங்கள். அதற்கு மேல் சி இரண்டாம் வயலினுக்கு, ஜி முதல் வயலினுக்கு.

வில்லாளன்: ஒலித்தொகுப்பை மாற்றாமல் இது தீராது. இடம் வலம் பிரிவதும் முக்கியம். 1893இல் வந்த சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியின் இறுதிப் பகுதித் தொடக்கத்தில் மெட்டின் சுரங்களை முதல், இரண்டாம் வயலின்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தது, இருவரும் எதிரெதிரே அமர்ந்ததால்தானே?

முதுநரம்பு: அமர்வு மட்டும் காரணமென்றால், அதே மெட்டு திரும்பி வரும்போது முழுவதையும் முதல் வயலின்களுக்கே ஏன் கொடுத்தார்? வில்லின் அழுத்தம் மாறுவதற்காகவே பிரித்தார் என்பது என் கருத்து.

தந்திவனம்: ஈயை வியோலாவுக்கு மாற்றியதுமே தெளிந்துவிட்டது. நன்றி.

வில்லாளன்: திரும்பி வரும்போது உணர்ச்சி வேறு, அதனால் என் கருத்து அடிபடாது.