செப்டல் அப்லேஷன்: பலூன் உட்கார்ந்த பிறகும் கான்ட்ராஸ்ட் எக்கோ வேண்டுமா?

கேள்வி: தடித்த செப்டத்துக்கு (இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுச்சுவர்) ஆல்கஹால் அப்லேஷன், அதாவது ஆல்கஹால் செலுத்தி அந்தத் தசையின் ஒரு பகுதியைச் சாகடிக்கும் சிகிச்சை. ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய் எக்ஸ்ரே படம்) செப்டத்துக்கு ரத்தம் தரும் முதல் செப்டல் கிளை தெளிவாகத் தெரிகிறது. அதில் பலூனை ஊதியதும் கிரேடியன்ட் (ரத்தம் வெளியேறும் வழியில் உள்ள அழுத்த வேறுபாடு) குறைகிறது. அப்புறமும் கான்ட்ராஸ்ட் எக்கோ (கான்ட்ராஸ்ட் திரவம் செலுத்திப் பார்க்கும் இதய அல்ட்ராசவுண்ட்) அவசியமா?

பதில் 1: அவசியம். கிளை எங்கே கிளம்புகிறது என்பதை ஆஞ்சியோ காட்டும். எந்தத் தசைக்கு ரத்தம் போகிறது என்பதைக் காட்டாது. பலூனை ஊதிவிட்டு, அதன் உள்துளை வழியே முதலில் ஆஞ்சியோ டை செலுத்துங்கள். அது எல்.ஏ.டி.க்குத் (இதயத்தின் முன்பக்க முக்கிய ரத்தக்குழாய்) திரும்பி ஒழுகக் கூடாது. பிறகு 1–2 மி.லி. எக்கோ கான்ட்ராஸ்ட். மைட்ரல் வால்வின் இதழ் செப்டத்தில் வந்து மோதும் இடம் வெளுக்க வேண்டும். பாப்பில்லரி தசையோ (வால்வைப் பிடித்திருக்கும் தசை) வலது வென்ட்ரிக்கிள் சுவரோ பளிச்சிட்டால் ஆல்கஹாலைத் தொடாதீர்கள், வேறு கிளை தேடுங்கள்.

பதில் 2: எக்கோவில் ஒரே வியூவை (பார்க்கும் கோணத்தை) நம்ப வேண்டாம். ஏபிகல் நான்கறை, மூன்றறையோடு ஷார்ட் ஆக்ஸிஸும் பாருங்கள். கெயினை (எக்கோ படத்தின் பளிச்சளவை) ஏற்றி வைத்தால் எல்லாமே வெள்ளைதான்! ஆல்கஹால் போனதும் அந்த இடம் அடர்ந்து நிழல் விழும். பார்க்க வேண்டியதை முன்பே பார்த்துவிடுங்கள்.

பதில் 3: சுத்த ஆல்கஹால் 1–2 மி.லி., நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில். அதன்பின் பலூனை 5–10 நிமிடம் இறக்காதீர்கள், அவசரப்பட்டால் எல்.ஏ.டி.க்குள் கசிந்து முன்சுவரே போய்விடும். தற்காலிக பேஸ்மேக்கர் முன்பே உள்ளே இருக்கட்டும். ஏற்கெனவே இடது பண்டில் பிளாக் (இதய மின் சமிக்ஞையின் இடது பாதையில் தடை) இருப்பவர் என்றால் இன்னும் கவனம்: அப்லேஷன் பெரும்பாலும் வலது பண்டிலைத்தான் அடிக்கும், இரண்டும் போனால் முழு ஹார்ட் பிளாக்.