புதுப்பிப்பு: கோல்ஃப் டிரைவருக்கு டீ உயரம் – தாழப் பறந்த பந்து சரியாயிற்று

பெங்களூருவில் நான் பயிலும் கோல்ஃப் திடலில், டிரைவரால் (தொலைதூர அடிக்கான மட்டை) அடிக்கும் பந்து தாழ்வாகப் புறப்பட்டுப் பாதியிலேயே விழுந்துவிடுகிறது, டீயை (பந்தைத் தாங்கத் தரையில் ஊன்றும் சிறு முளை) எவ்வளவு உயர்த்துவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலனளித்தது, மட்டையின் முகத்தில் டால்கம் பவுடர் பூசி அடித்துப் பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான். பத்து அடிகளில் ஏழின் தடம், பந்தின் குழிகள்கூடத் தெரியும் அளவுக்கு, முகத்தின் கீழ்விளிம்பை ஒட்டியே பதிந்திருந்தது. அங்கே பட்டால் பின்சுழற்சி கூடித் தூரம் குறையும் என்பதால் காரணம் அப்போதே விளங்கிவிட்டது. ஆகவே 70 மி.மீ. டீயை விட்டு 83 மி.மீ. டீக்கு மாறி, மட்டையைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி அதன் மேல்விளிம்புக்கு மேலே தெரியுமாறு ஊன்றினேன். விதி 101.6 மி.மீ. வரை அனுமதிக்கிறது, எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. உயர்த்திய முதல் நாள் பந்து செங்குத்தாக எழும்பியது, மட்டையின் தலைமேல் வெள்ளைக் கீறலும் விழுந்தது. பந்தை இரு கால்களுக்கும் நடுவில் வைத்து மேலிருந்து வெட்டியதே காரணம். வலக்கை ஆட்டக்காரனான நான் அதை இடது குதிகாலுக்கு நேராக நகர்த்தியபின் கீறல் விழவில்லை, தடமும் முகத்தின் நடுவுக்குச் சற்று மேலே பதிகிறது.