தம்பிக்குத் திதி எந்த நாள்? மூளைச்சாவு அன்றா, இதயம் நின்ற அன்றா?

அம்பத்தூர் கீதா:
போன ஐப்பசியில் என் தம்பி ஜிஎஸ்டி ரோட்டில், கூடுவாஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் பைக்கிலிருந்து விழுந்தான். ஹெல்மெட் டேங்க் மேலேயே இருந்தது. மூன்றாம் நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "பிரெய்ன் டெத்" என்றார். அதே மூச்சில், "வென்டிலேட்டர்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது" என்றார். அம்மா காதில் விழுந்தது இரண்டாவது மட்டும்தான்.

இரண்டு முறை ஏதோ சோதனை செய்தார்களாம். என்ன சோதனை என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு பெண் வந்து உறுப்பு தானம் பற்றிக் கேட்டார். "நெஞ்சு ஏறி இறங்குது, கை சூடா இருக்கு, அறுக்கச் சொல்றியா?" என்று அம்மா கத்தினாள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் இதயம் தானாக நின்றது.

இப்போது தலைத்திவசம் வருகிறது. புரோகிதர் திதி கேட்கிறார். சான்றிதழில் இருப்பது ஐந்தாம் நாள், ஏகாதசி. தம்பி மனைவியோ, "மூணாம் நாளே போயிட்டாரு, நவமிதான்" என்கிறாள். கொடுத்திருக்கலாமே என்று ராத்திரி அழுகிறாள். உண்மையில் அவன் என்றைக்குப் போனான்? கோமாவில் இருந்தவர்கள் எழுந்ததில்லையா?

நைட் டியூட்டி:
கீதாக்கா, நான் பன்னிரண்டு வருஷமாக ஐசியுவில் சிஸ்டர். கோமா வேறு, இது வேறு. கோமாவில் மூளைத்தண்டு, அதாவது மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதி, வேலை செய்யும், பலர் தானாக மூச்சும் விடுவார்கள். மூளைச்சாவில் அந்தத் தண்டே போய்விடும், திரும்பாது. ஆனால் இதயம் துடிக்க மூளையின் உத்தரவு வேண்டாம், தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். மெஷின் காற்றை அடிக்கிற வரை கொஞ்ச நாள் ஓடும். ரத்தம் ஓடுவதால்தான் கை சூடு.

சோதனை என்றால், கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்போம். காதில் ஐஸ் தண்ணீர் விட்டுக் கண் அசைகிறதா என்று பார்ப்போம். தொண்டைக்குள் குழாய் விட்டால் இருமல் வருகிறதா? கடைசியில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்து வென்டிலேட்டரைக் கழற்றிவிடுவோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் உயிருள்ள மூளைத்தண்டு சும்மா இருக்காது, நெஞ்சைத் தூக்கிவிடும். தூக்காவிட்டால், ஆறு மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடியும். நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. 1994 சட்டத்திலிருந்து இதுதான் முறை.

"உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது" என்று சொன்னது எங்கள் ஆட்களின் தப்பு. நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது சொல்வதில்லை.

வியாசர்பாடி வாசு:
எல்லாம் காசு. நம்மகிட்ட வாங்கி எவனோ பணக்காரனுக்கு வைப்பான். பில்லையும் நம்ம தலையிலதான் கட்டுவான்.

நைட் டியூட்டி:
வாசு அண்ணே, சம்மதம் சொன்ன பிறகு ஆகும் செலவைக் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. யாருக்குப் போகிறது என்பது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் வரிசைப்படி. தானம் நடக்கும் மருத்துவமனைக்குச் சில உறுப்புகளில் முன்னுரிமை உண்டு, அதை மறைக்கவில்லை. அதற்காக நான்கு கையெழுத்தும் பொய் என்று ஆகாது.

பெரம்பூர் குமரன்:
நாங்கள் அண்ணனுடையதைக் கொடுத்தோம். சுலபமாக இல்லை. விபத்து என்பதால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் முடிந்து உடம்பு கைக்கு வர மறுநாள் ஆனது. "கண்ணை எடுத்துட்டீங்களே, அடுத்த பிறவியில குருடாப் பொறப்பானே" என்று அத்தை எல்லார் முன்னாலும் சொன்னார். 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு முதல்வர் அரசு மரியாதை அறிவித்த பிறகு நடந்தது இது. அதிகாரி மாலையோடு வந்து நின்றதும் அதே அத்தை அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

கீதா, ஒன்று சொல்கிறேன். 2008ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பையனின் இதயத்தைக் கொடுத்ததைச் சொல்லித்தான் இன்றும் எல்லாரும் நம்மிடம் கேட்பார்கள். அந்தப் பையனின் அப்பா அம்மா இரண்டு பேருமே டாக்டர்கள். அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். உங்கள் அம்மாவுக்குக் கையில் இருந்தது பிள்ளையின் சூடு மட்டும்தான். நீங்கள் மறுத்ததைக் குற்றமாக நினைக்காதீர்கள்.

திதி கேட்டீர்களே. அண்ணனுக்கு இரண்டாவது சோதனை முடிந்த நேரத்தைத்தான் இறந்த நேரமாக எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் அதையே வைத்துக்கொண்டோம்.

அம்பத்தூர் கீதா:
நேற்று சிஸ்டர் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். காதில் ஐஸ் தண்ணீர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறப்ப காதுல ஒரு சொட்டு பட்டா தெருவையே கூட்டுவானே, அதுக்கும் அசையலையா?" என்றாள். இல்லையாம் அம்மா என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் போன வருஷக் காலண்டரைத் தேடி எடுக்கச் சொன்னாள்.